லேசான, நாள்பட உழைக்கும் ஃப்ரேமிங் சுத்தியல் வாங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா செட் போடுகிற தம்பிகள், ஓஎம்ஆர் சைட்டுகளில் சென்டரிங் அடிப்பவர்கள், சனி ஞாயிறு வந்தால் மொட்டை மாடியில் மேசை செய்து பழகுகிற ஐடிக்காரர்கள் என்று பல பேர் சுத்தியலைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

1. ஃப்ரேமிங் ஹேமர்னா என்னண்ணா? நம்ம சாதா கிளா ஹேமர்லேர்ந்து அது எப்படி வேற?

அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான வீடுகளுக்கு மரச்சட்டம்தான் உள்கூடு. மென்மையான பைன் மரத்தில் மூன்றரை இஞ்ச் ஆணியை நாள் முழுக்க அடித்துச் சட்டம் கோர்க்க வேண்டும். அந்த வேலைக்கென்றே வந்ததுதான் இது. சாதா கிளா ஹேமரின் காம்பு ஏறக்குறைய 13 இஞ்ச் இருக்கும், இதில் 16 முதல் 18 இஞ்ச் வரை போகும். சாதா சுத்தியலின் தலை 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம். ஃப்ரேமிங்கில் இரும்புத் தலை பெரும்பாலும் 20 அவுன்ஸில் ஆரம்பித்து 32 வரைகூட உண்டு. ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம்.

இன்னொரு வித்தியாசம் பின்பக்கக் கவை. சாதா சுத்தியலில் அது நன்றாக வளைந்து கீழே இறங்கும், ஆணி பிடுங்க வசதி. ஃப்ரேமிங்கில் கிட்டத்தட்ட நேராக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பலகைக்கு நடுவே செருகி நெம்பவும், அடித்த சட்டத்தைப் பிரிக்கவும் அதுதான் சௌகரியம்.

2. சென்னைல யாரு சார் மரத்துல வீடு கட்டுறா? நமக்கு இது எதுக்கு?

வீடு கட்டவில்லை, சரி. ஆனால் செட் வேலையில் ரீப்பரும் பிளைவுட்டும் வைத்து ஒரு தெருவையே எழுப்பி, ஷூட்டிங் முடிந்ததும் பிரிக்கிறார்கள். கல்யாண மேடை, கண்காட்சி ஸ்டால், பேக்கிங் பெட்டி, பேலட், சென்டரிங் பலகை எல்லாமே அதே ரகம்தான், நிறைய ஆணி, வேகமாக அடிக்க வேண்டும், அப்புறம் பிடுங்கவும் வேண்டும். இந்த வேலைக்கு நேர்க்கவையும் கொஞ்சம் நீளமான காம்பும் உண்மையிலேயே உதவும்.

நீங்கள் செய்வது அலமாரி, கட்டில், கதவு என்றால் இது தேவையே இல்லை. 450 கிராம் சாதா கிளா ஹேமர் ஒன்றும், மெல்லிய மரப்பட்டி அடிக்கச் சின்னச் சுத்தி ஒன்றும் போதும்.

3. சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத்தனை கிராம் வாங்கணும்?

நாள் முழுக்க அடிப்பவருக்கு 450 முதல் 570 கிராம் தலை, அதாவது 16 முதல் 20 அவுன்ஸ். காம்பு 14 முதல் 16 இஞ்ச். சென்னையில் நடக்கிற வேலைகளில் முக்கால்வாசிக்கு இதற்கு மேல் தேவைப்படாது. பச்சைச் சவுக்குக் கட்டையில் நான்கு இஞ்ச் ஆணி இறக்குகிற வேலையே அதிகம் என்றால் மட்டும் 620 கிராம் வரை போகலாம்.

790 கிராம் (28 அவுன்ஸ்) தலையைக் கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சீலிங் ஃப்ரேமுக்கு அடிக்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

4. வெயிட்டா இருந்தாத்தானே ஆணி இறங்கும்? லைட்டா வாங்கினா ரெண்டு மடங்கு அடிக்கணுமே?

இதுதான் அதிகம் பேருக்கு இருக்கும் சந்தேகம், நியாயமான சந்தேகமும்கூட. அடியின் ஆற்றல் எடையோடு நேராகக் கூடும், வேகத்தோடு அதன் வர்க்கமாகக் கூடும். 620 கிராமிலிருந்து 450 கிராமுக்கு இறங்கினால் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வேகத்தை 17 சதவீதம் கூட்டினால் போதும். லேசான தலையை அந்த அளவு வேகமாக வீசுவது பழகிய கைக்குப் பெரிய காரியமில்லை, காம்பு இரண்டு இஞ்ச் நீளமாக இருந்தால் இன்னும் சுலபம்.

ஆனால் வேகம் கூடாவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. இடுக்கில் நின்று, கையை முழுதாக ஓங்க இடமில்லாமல் அடிக்கும்போது கனமான தலைதான் ஜெயிக்கும். அதேபோல் வைரம் பாய்ந்த வேம்பிலோ கருவேலத்திலோ பெரிய ஆணி அடிக்கப் போனால் லேசானது துள்ளும், ஆணியும் வளையும். அங்கே கனமான சுத்தியலைத் தேடுவதைவிட, ஆணியைவிடக் கொஞ்சம் சன்னமான பிட்டில் ஓட்டை போட்டு, ஆணியில் சோப்பைத் தடவி அடிப்பது மேல். மரமும் பிளக்காது.

5. 16 அவுன்ஸ்னு போட்டிருக்கு, தராசுல வச்சா முக்கால் கிலோ கிட்ட காட்டுது. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை. சுத்தியலில் பொறித்திருக்கும் எடை தலைக்கு மட்டும்தான், காம்பு சேராது. அதனால் ஒரே 16 அவுன்ஸ் என்று இருக்கும் இரண்டு சுத்தியல்கள் மொத்த எடையில் நன்றாகவே வேறுபடும். பெரும்பாலும் மரக்காம்பு போட்டது லேசு, முழு ஸ்டீல் காம்பு கனம், ஃபைபர் நடுவில்.

மொத்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். தலைக்கு ஒரு சாண் கீழே காம்புக்கு அடியில் விரலைக் கொடுத்தால், நல்ல சுத்தியல் தலைப்பக்கம் தெளிவாகச் சாயும். சாய மனசில்லாமல் நின்றால் எடை காம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் தூக்குகிறீர்கள், ஆணிக்குப் போய்ச் சேரவில்லை. லேசான சுத்தியல் என்று நான் சொல்வது, எடை குறைவாக இருந்தும் அந்த எடை தலையில் இருப்பதைத்தான்.

6. காம்பு எது நல்லது? மரமா, ஃபைபரா, ஃபுல் ஸ்டீலா?

என் ஓட்டு மரத்துக்கு. அதிர்வை அது தாங்கிக்கொள்கிற மாதிரி மற்ற இரண்டும் தாங்குவதில்லை, லேசாக இருக்கிறது, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சுத்தியலில் ஹிக்கரி மரம் வரும். நம் ஊரில் கருவேலங்காம்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மண்வெட்டி, கோடாலிக்கெல்லாம் காலம் காலமாகப் போட்டு வருவது அதுதான். தேக்கில் காம்பு போடாதீர்கள். தேக்கு கதவுக்கு உத்தமம், ஆனால் அடிமேல் அடி வாங்கும் காம்புக்கு அது சரிப்படாது, பட்டென்று ஒடியும்.

முழு ஸ்டீல், அதாவது தலையும் காம்பும் ஒரே துண்டாக அடித்துச் செய்தது, ஆடாது, எளிதில் உடையாது. 1923-லிருந்து அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் எஸ்ட்விங் என்கிற கம்பெனி செய்வது இந்த ரகம்தான். நிறையப் பிரித்து நெம்புகிற வேலை என்றால் அதை வாங்குங்கள். அதிர்வு கைக்கு வரும், ரப்பர் பிடி கொஞ்சம்தான் குறைக்கும். மே மாத மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டு எடுத்தால் பிடிக்கு மேலே தெரிகிற ஸ்டீல் சுடும். ஃபைபர் காம்பு மழைக்கும் கரையானுக்கும் அஞ்சாது, ஆனால் தலை அதில் பசையால் பிடித்திருக்கும். அது விட்டுப்போனால் பெரும்பாலும் சுத்தியலையே மாற்ற வேண்டியதுதான்.

எந்தப் பளபளப்பான வார்னிஷும் சென்னை வியர்வையில் வழுக்கும். மரக்காம்பு வாங்கினால் பிடிக்கும் இடத்தில் வார்னிஷை ஒரு கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ சுரண்டிவிட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் தூக்கிப் போட வேண்டும்.

7. கடையில நின்னு எப்படி செக் பண்றது? எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கே.

முதலில் காம்பு. அடிமுனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி தலையை நோக்கிப் பாருங்கள். காம்பு வளைந்திருந்தாலோ தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ வேண்டாம். மரக்காம்பில் ரேகை நீளவாக்கில் முனையிலிருந்து முனைவரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும். அடிமுனையில் தெரியும் ரேகைக் கோடுகள் அடிக்கும் திசையில், அதாவது ஆணியில் படும் முகத்திலிருந்து கவைப் பக்கம் ஓடினால் நல்லது. குறுக்கே ஓடினால் பலம் குறைவு.

அப்புறம் தலை. முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், துளி குவிந்திருக்க வேண்டும், விளிம்பு சுற்றிலும் சரிவாக மழுங்கியிருக்க வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் சறுக்கின அடியில் சில்லு பறக்கும், மரத்திலும் பிறை மாதிரி தடம் விழும். கவையின் உள்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், தலையில்லாத ஆணியைக்கூடக் கவ்வும் அளவுக்குக் கூர்மை வேண்டும். கடைக்காரரிடம் ஒரு பழைய ஆணி கேட்டு, கவை இடுக்கில் அது இறுகுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 'ஃபோர்ஜ்டு', அதாவது காய்ச்சி அடித்துச் செய்தது, என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவான தலைக்கு வார்ப்புக்கோடும் புள்ளி புள்ளியான பரப்பும் இருக்கும், கவையை வைத்து நெம்பும்போது ஒரு காது உடைந்து கையோடு வரும். உழைக்கிற சுத்தியல் வேண்டுமென்றால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. எங்க வாங்கறது? ஆன்லைன்ல வாங்கலாமா?

பாரிமுனைக்குப் போங்கள். செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் கருவிக் கடைகள் நிறைய, நாலைந்தைக் கையில் எடுத்து ஓங்கிப் பார்த்து வாங்கலாம். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் நின்று பேசப் பொறுமை இருக்கும். டபாரியா, ஸ்டான்லி மாதிரி பெயர்களில் 450 கிராம் ரகம் சுலபமாகக் கிடைக்கும். 16 இஞ்ச் காம்பும் நேர்க்கவையும் உள்ள சரியான ஃப்ரேமிங் ரகத்துக்குக் கொஞ்சம் அலைய வேண்டும், கிடைக்காவிட்டால் ஆன்லைன்தான்.

ஆன்லைனில் வாங்கினால் 5-ல் சொன்னதை மறக்காதீர்கள். தலை எடையா, மொத்த எடையா என்று படித்துப் பாருங்கள், இரண்டையும் குழப்பி எழுதியிருப்பார்கள். வந்ததும் 7-ல் சொன்னபடி சோதித்து, சரியில்லையென்றால் ஒரு ஆணிகூட அடிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

9. முகத்துல கட்டம் கட்டமா வெட்டியிருக்கே, அது வாங்கலாமா?

அந்தக் கட்டங்கள் ஆணித்தலையைக் கவ்வும், அடி வழுக்காது. செட், சென்டரிங், பேக்கிங் வேலைக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் மரத்தில் அடித்தால் கட்டம் அப்படியே பதியும், விரலில் பட்டால் தோலைப் பிய்த்துவிடும். வீட்டு வேலையும் கலந்து செய்பவர் மழமழப்பான முகத்தையே வாங்கவும்.

10. டைட்டானியம் சுத்தியல்னு வீடியோல காட்றாங்களே ப்ரோ, அவ்ளோ காசு குடுக்கலாமா?

டைட்டானியத்தின் அடர்த்தி இரும்பைப் போலப் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதனால் 14, 15 அவுன்ஸ் எடையிலேயே முழு அளவுத் தலை செய்ய முடிகிறது. திரும்பி வரும் அதிர்வும் குறைவு, கை வலிக்காமல் அடிக்கலாம் என்பது உண்மைதான். ஸ்டிலெட்டோ என்கிற அமெரிக்கக் கம்பெனி இதில் பேர் போனது.

விலைதான் பிரச்சினை, அங்கேயே நூறு டாலருக்கு மேல். இங்கே வந்து சேரும்போது நல்ல டிரில் மெஷின் ஒன்று வாங்கும் காசு ஆகிவிடும். தவிர டைட்டானியம் கெட்டிப்படுத்திய இரும்பு அளவு கடினமில்லை, முகம் சீக்கிரம் தேயும். அதனால்தான் விலை கூடிய மாடல்களில் கழற்றி மாற்றும் ஸ்டீல் முகம் வைக்கிறார்கள், அந்த முகம் இங்கே தேடினால் கிடைப்பதும் கஷ்டம். முழங்கை வலியோடு தினமும் ஆணி அடித்துப் பிழைப்பவர் என்றால் யோசிக்கலாம், மற்றவர்கள் 3-ல் சொன்ன எடையில் நல்ல இரும்புத் தலையும் மரக்காம்பும் வாங்கினாலே அந்தச் சுகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

11. தலை ஆடுது. தண்ணில ஊறப் போட்டா சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றாரு, போடலாமா?

போட்டால் அன்றைக்கு இறுகும். ஊறிய மரம், காம்பு நுழையும் ஓட்டையான இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமில்லாமல் நசுங்கும், காய்ந்தால் முன்னைவிடச் சுருங்கும், முன்னைவிட அதிகமாக ஆடும். மழைக்காலத்தில் சரியாக இருந்த தலை, பனி முடிந்து வெயில் ஏறியதும் ஆடுவதும் இதே காரணத்தால்தான்.

சரியான வழி இது. சுத்தியலைத் தலை கீழே தொங்கும்படி காம்பைப் பிடித்து, காம்பின் அடிமுனையில் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியால் தட்டுங்கள். தலை கீழே விழாமல் காம்பில் ஏறி இறுகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறி, கடைசியில் கெட்டியான ஒரே சத்தமாக நிற்கும். அப்புறம் மேலே தெரியும் ஆப்பை இன்னும் உள்ளே அடித்து, தேவைப்பட்டால் குறுக்காக ஓர் இரும்பு ஆப்பு போடுங்கள். கண்ணுக்கு மேலே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மரம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், மட்டமாக அறுக்க வேண்டாம், அந்த விரிந்த நுனிதான் தலையைப் பிடித்து நிறுத்துகிறது. முடிந்ததும் மேல்நுனியில் ஆளிவிதை எண்ணெயைக் குடிக்கும்வரை விடுங்கள். இவ்வளவு செய்தும் ஆடினால் காம்பையே மாற்றுங்கள். ஆடும் தலையோடு சாரத்தில் ஏறக் கூடாது, கீழே ஆள் நடமாடுகிறார்கள்.

12. பெரிய ஆணி பிடுங்கறப்போ காம்பு ஒடஞ்சிடுச்சு. மரக்காம்பு வீக்குதானே?

பிடுங்கின விதத்தில்தான் கோளாறு. ஆணி கொஞ்சம் மேலே வந்ததும் தலைக்கு அடியில் ஒரு கட்டை வைத்து நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுக்கக் கழுத்தில் விழும். இன்னொரு வழி, ஆணியைக் கவையில் மாட்டிச் சுத்தியலைப் பக்கவாட்டில் சாய்ப்பது. ஆணி வளைந்தபடி கொஞ்சம் வரும், மறுபக்கம் சாய்த்தால் மீதி வரும். அதற்கும் மசியாத ஆணிக்கு கடப்பாரையோ ஆணி பிடுங்கும் கம்பியோ எடுங்கள். நாள் முழுக்கப் பிரிப்பதுதான் வேலை என்றால் 6-ல் சொன்ன முழு ஸ்டீல்.

13. முழங்கைக்கு வெளிப்பக்கம் சுள்ளுனு வலிக்குது. லைட் சுத்தியல் மாத்தினா போயிடுமா?

எடையைக் குறைப்பது உதவும், ஆனால் பலர் காம்பை இறுக்கிப் பிடிப்பதாலேயே வலி வருகிறது. அடி விழும் நேரத்தில் பிடி தளர்வாக இருக்க வேண்டும், சுத்தியல் கையில் கொஞ்சம் ஆடட்டும், நழுவாமல் இருந்தால் போதும். காம்பு உங்கள் கைக்கு மெல்லியதாக இருந்தாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் சரியாகும். காம்பின் அடியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து அடிக்கிறீர்களா என்றும் பாருங்கள், அப்படிப் பிடித்தால் நீளக் காம்பு வாங்கியதே வீண், எல்லா அடியும் கைபலத்தில் போகும்.

டீ டம்ளரைத் தூக்கும்போதே வலித்தால், சுத்தியலை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அந்தத் தசைநார் வலியோடு வேலையைத் தொடர்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

14. கான்கிரீட் ஆணி, ஸ்டீல் ஆணி இதுல அடிக்கலாமா?

வேண்டாம். அவை கெட்டிப்படுத்திய ஆணிகள், இந்த முகமும் கெட்டிப்படுத்தியது. இரண்டு கடின இரும்பு மோதினால் சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும். இரண்டு சுத்தியலை ஒன்றோடொன்று அடிப்பதும் இதே காரணத்தால் கூடாது. சுவர் வேலைக்குச் சின்னச் சம்மட்டி எடுத்து, கண்ணாடி போட்டு அடியுங்கள். மரப்பிடி உளியையும் இதால் அடிக்காதீர்கள், பிடி பிளந்துவிடும், அதற்குக் கொட்டாப்புளி இருக்கிறது.

15. இப்ப எல்லாம் ஏர் கன் வந்துடுச்சே, சுத்தியல் வேலை முடிஞ்சுதா?

காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கன் வேகம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கம்ப்ரசர், கரண்ட், ஹோஸ் எல்லாம் வேண்டும். சட்டத்தைத் தட்டி நேராக்குவது, துருத்திய ஆணியை உள்ளே இறக்குவது, தப்பாக அடித்ததைப் பிரிப்பது எல்லாம் சுத்தியலால்தான். கன் வைத்திருப்பவருக்குக் கனமான சுத்தியல் தேவையே இல்லை, 450 கிராம் நேர்க்கவை கச்சிதம்.

16. பெசன்ட் நகர்ல வீடு. ரெண்டு மாசத்துல துரு புடிச்சிடுது, என்ன செய்யலாம்?

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று, அது நிற்காது. வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, தலையில் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். முகத்தில் மட்டும் எண்ணெய் இருக்கக் கூடாது, ஆணியில் வழுக்கும். முகத்தில் துரு வந்தால் உப்புத்தாளில் தேய்த்தால் போதும். ஈரச் சாக்குப் பையில் போட்டுக் கட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

17. அப்பா வச்சிருந்த சுத்தியல் முகம் பூ மாதிரி விரிஞ்சிருக்கு. கிரைண்டர்ல தேய்ச்சு வச்சுக்கலாமா?

விளிம்பு விரிந்திருந்தால் இரும்பு ஆரம்பத்திலிருந்தே மென்மை, அல்லது கெட்டிப்படுத்திய மேல்பகுதி போய்விட்டது. கிரைண்டரில் வைத்தால் சூடேறி நீலம் பாயும், மிச்சமிருக்கும் கடினமும் போகும். விரிசலோ சில்லுப் பெயர்ந்த தடமோ இருந்தால் அதை வைத்து அடிக்கவே வேண்டாம். அப்பா நினைவாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வேலைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். காம்பு நன்றாக இருந்து கண்ணின் அளவும் பொருந்தினால், அதைப் பத்திரமாகக் கழற்றிப் புதுத் தலையில் 11-ல் சொன்ன மாதிரி ஏற்றிக்கொள்ளலாம், பழகிய காம்பு கைக்கு நன்றாகவே உட்காரும்.